மறு: கேனபி பிரிட்ஜுக்கு தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்?

பாயான் லெப்பாஸிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். தமிழ்ப்பள்ளி பிள்ளைங்களுக்கு அழிஞ்சிக்கிட்டு வர்ற விலங்குங்களைப் பத்தி ஒரு சின்ன கையேடு தயார் பண்றோம். அதுல பினாங்கு தெலுக் பஹாங் ரோட்டுக்கு மேல இருக்கற குரங்குப் பாலத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கேன், 2019ல குரங்குங்களைப் பாதுகாக்கற லங்கூர் புரோஜெக்ட் பினாங் ஆளுங்க பழைய தீயணைப்பு ஹோஸை வெச்சு கட்டுனது. கேனபின்னா மரங்களோட மேல்கூரை, அதனால 'விதானப் பாலம்'னு எழுதிட்டேன், சரியா?

செந்தூலிலிருந்து:
டீச்சர், விதானம்னா நம்ம ஆளுங்களுக்கு சாமிக்கு மேல கட்டுற துணிதான் ஞாபகம் வரும். காட்டியல் புத்தகத்துல அப்படித்தான் போடறாங்க, ஒத்துக்கறேன், ஆனா பிள்ளைங்க வாயில நிக்காது. 'தொங்குபாலம்' அதவிட மோசம், பினாங்கு மலையில டூரிஸ்ட்டு காசு குடுத்து நடக்கற லங்கூர் வேயும் தொங்குபாலந்தானே, அது மனுசனுக்கு. 'கயிற்றுப்பாலம்'னு சொல்லலாம்னா அதுல இருக்கறது ஹோஸ், கயிறு இல்ல.

என் ஓட்டு 'கொப்புப்பாலம்'. கொப்புக்கு கொப்பு தாவுறதுதான் அந்த லோத்தோங் குரங்கோட பொழப்பே. ரோட்ட அகலமாக்கி ரெண்டு பக்கமும் மரத்த வெட்டிட்டா கொப்பு எட்டாது, அப்புறம் அது தரையில இறங்கி காடியில அடிபடும், இல்லன்னா கரண்டு கம்பிய புடிச்சி சாகும். அந்த விட்டுப்போன கொப்புக்கு பதிலாத்தான் இந்த ஹோஸ். வால்பாறை புதுத்தோட்டத்துல சிங்கவால் குரங்குக்கும் இதே மாதிரி கட்டியிருக்காங்க, அவங்களுக்கும் இந்த சொல்லு ஒத்துவரும்.

பட்டர்வொர்த்திலிருந்து:
கொப்புன்னா இங்க எத்தன பிள்ளைங்களுக்குத் தெரியும் அண்ணே? கிளைன்னே வெச்சிடலாம்.

செந்தூலிலிருந்து:
கிளைப்பாலம்னு போட்டா பேங்க் கிளை மாதிரி பினாங்கு பாலத்துக்கு ஒரு கிளைய தொறந்துட்டாங்கன்னு நெனப்பாங்க தம்பி! தெரியாத சொல்லுன்னா என்ன, படத்தப் போட்டா கத்துக்குவாங்க. கண்ண சுத்தி வெள்ள வளையம், குட்டி மட்டும் ஆரஞ்சு கலரு, அந்தக் குடும்பம் வரிசையா ஹோஸ்ல நடக்கற படம். இன்னொண்ணு, லோத்தோங்ங்கறது மலாய் பேரு, கருமுகத்துக் குரங்குக்கு சங்கப் பாட்டுலயே முசுன்னு பேரு இருக்கு, அதையும் சேத்துப் போடுங்களேன்.

பட்டர்வொர்த்திலிருந்து:
முசு நல்லா இருக்கு, கொப்புக்கும் சரின்னுட்டேன். ஆனா எல்லாத்துக்கும் பாலம்னு வெச்சா யானைக்கு என்ன பண்ணுவீங்க? கெரிக் பக்கம் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில வயடக்ட், அதான் தூண் மேல நிக்கற உயரப் பாலம், கட்டியிருக்காங்க, அங்க வண்டி மேல போவுது, யானை அடியில போவுது, அத யானைப்பாலம்னா யானை பாலத்து மேல ஏறுதுன்னுல்ல அர்த்தமாவுது. 2025 மே மாசம் கெரிக்-ஜெலி ரோட்ல கோழி லாரி மோதி குட்டி செத்து, தாய் லாரிய முட்டிக்கிட்டே நின்ன வீடியோவ பாத்திருப்பீங்க. ராத்திரியில மேயற தப்பீருங்கற நீள மூக்கு விலங்கும் இப்படித்தான் ரோட்ல சாவுது. இதுங்களுக்கு 'கடவை'ன்னு ஒரு பொதுச்சொல் வைங்க, இலங்கையில பாதசாரிக் கடவைன்னு ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கு. மொத்தத்துக்கு விலங்குக் கடவை, வயடக்டுக்கு கீழ்க்கடவை, முசுவுக்கு கொப்புப்பாலம். 'வழித்தடம்' வேற, அது ரெண்டு காட்ட சேக்கற மொத்த நிலம், அத செம்பனைத் தோட்டம் போட அழிச்சிட்டு ரோட்ல மட்டும் கடவை கட்டி பிரயோஜனம் இல்ல.

ஒரு விசயம் டீச்சர், கடவை கட்டிட்டா எல்லாம் பொழச்சிடும்ங்கற மாதிரி எழுதிடாதீங்க. மலாயா புலி காட்டுல 150க்கும் கம்மி, அத காலி பண்றதுல பெரிய பங்கு திருட்டு வேட்டைக்காரங்க வெக்கற கம்பிச் சுருக்குக்கு. அதுக்கு 'பொறி'ன்னு எலிப்பொறி மாதிரி எழுதாதீங்க, தோட்டத்துல நம்ம பாட்டன் காலத்துலேருந்து சுருக்குதான்.

பாயான் லெப்பாஸிலிருந்து:
கடவை, கீழ்க்கடவை, கொப்புப்பாலம், சுருக்கு நாலையும் எடுத்துக்கறேன். முசுவ படத்துக்குக் கீழ லோத்தோங்கோட சேத்துப் போடறேன், மலாய் பேர எடுத்துட்டா பிள்ளைங்களுக்குப் புரியாது. ரோட்ல அடிபட்டு சாவறதுக்கு 'சாலைப்பலி'ன்னு ஒருத்தர் தனியா எழுதியிருந்தாரு, பலின்னா யாரோ வேண்டிக்கிட்டு குடுத்த மாதிரி இருக்கு, எனக்கு மனசு ஒப்பல. வேற சொல்லு இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க, அப்புறம் அச்சுக்குப் போயிடும்.