மறு: விர்ஜின் சாயில் எபிடெமிக் – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'கன்னிநிலத் தொற்று' என்று வைத்தால் மூலத்தோடு ஒட்டிவரும்.

வணக்கம் ஐயா,

ஒட்டிவருவதுதான் சிக்கல். நிலம் என்றதும் மண்ணில் கிடந்த கிருமி என்று நினைப்பார்கள். ஒரு நோயை அதுவரை யாருமே பட்டிராத மக்களிடையே அந்நோய் பரவுவதைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது. என் பரிந்துரை: பட்டறியாக் கொள்ளைநோய். 'கண்டறியாத காட்சி' என்கிறோமே, அந்த வாய்பாடு. மக்களுக்குப் 'பட்டறியா மக்கள்'.

பெரியம்மையில் பொருத்திப் பாருங்கள். தொற்றிச் சுமார் 12 நாளில் காய்ச்சல், பிறகு கொப்புளம். பொருக்கு முழுக்க உதிரும்வரை பிறருக்கு ஒட்டும். ஒருமுறை கண்டவருக்கு அநேகமாக மறுபடி வராது. ஸ்பெயினிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு ஐந்தாறு வாரக் கடற்பயணம். மாலுமிகளில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே அம்மை கண்டவர்கள். நோய் கரைசேர, காணாதவர் இரண்டு மூன்று பேராவது கப்பலிலேயே அடுத்தடுத்துப் படுக்கவேண்டும். கொலம்பஸ் 1492-இல் போயும், கரீபியன் தீவான ஹிஸ்பானியோலாவில் 1518 கடைசியில்தான் அம்மை தலைகாட்டியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1520-இல் ஸ்பானியத் தளபதி நார்வாயெஸின் படையோடு மெக்சிகோ கரையேறியது. அவ்வாண்டு முடிவதற்குள் அஸ்தெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லானின் அரசர் குயித்லாவாக்கையே கொண்டுபோனது. பெரியவர் சிறியவர் எல்லோரும் ஒருசேரப் படுத்ததால் சோளம் அரைக்கவோ தண்ணீர் கொடுக்கவோ ஆளில்லை. பட்டினியிலும் பலர் செத்தார்கள்.

---

> பட்டறியா மக்கள்

நல்ல சொல், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த இழையில் முன்பு வந்த 'எதிர்ப்பற்ற இனம்' வேண்டவே வேண்டாம். உடம்பிலேயே குறை இருந்ததுபோல் ஆகிவிடும். வட அட்லாண்டிக்கில் டென்மார்க்கைச் சேர்ந்த பரோ தீவுகளை எடுங்கள். 1781-க்குப் பிறகு அங்கே தட்டம்மையே இல்லை. 1846-இல் வந்தபோது 7,800 பேரில் ஆறாயிரம் பேருக்குக் கண்டது. முன்பு கண்டிருந்த கிழவர்களுக்கு 65 ஆண்டு கழித்தும் வரவில்லை. பானும் என்ற டேனிஷ் மருத்துவர் நேரில் போய்ப் பதிந்தது இது. பரோ மக்களும் ஐரோப்பியர்தாம், ஆனால் பட்டறியாதவர்கள். செத்தவர்களோ நோயுற்றவரில் நூற்றுக்கு மூவர்கூட இல்லை.

பிஜியில் 1875-இல் அதே தட்டம்மை மக்களில் சுமார் கால்பங்கினரைக் கொன்றது. ஆகவே சாவுக்கணக்கு முழுவதையும் 'பட்டறியாமை' தலையில் கட்டக்கூடாது. ஹிஸ்பானியோலாவில் பெரியம்மை வருவதற்கு முன்பே, 1514 கணக்கெடுப்பில், பழங்குடியினர் முப்பதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். தங்கச் சுரங்க வேலையும் பட்டினியும் கொன்றவர்களை அம்மைக் கணக்கில் எழுதுவது வரலாற்றுக்கு அடுக்காது.

---

சரி, இரண்டு சொற்களையும் சேர்த்தே கலைச்சொல் பட்டியலில் பதிகிறேன். மொழிபெயர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அஸ்தெக்குகள் பேசிய நாவாட்ல் மொழியில் பெரியம்மை 'பெருங்கொப்புளம்', 1531-இல் வந்த தட்டம்மை 'சிறுகொப்புளம்'. பின்னதைச் 'சின்னம்மை' என்று எழுதினால் நோயே மாறிப்போகும்.

பதிவு இப்படி:

பட்டறியா மக்கள் – குறிப்பிட்ட நோயை, உயிரோடிருக்கும் தலைமுறைகளில் ஏறத்தாழ எவரும் பட்டிராத மக்கள்தொகை. பிறவிக் குறையைச் சுட்டாது.

பட்டறியாக் கொள்ளைநோய் – அத்தகைய மக்களிடையே எல்லா வயதினரையும் ஒருசேரத் தாக்கும் கொள்ளைநோய். இறப்பு வீதம் இதன் வரையறைக்குள் வராது.

'பட்டறியாக்' என்பதில் 'க்' ஒற்றை விட்டுவிடாதீர்கள்.