மறு: லேசர் கோடு: ‘வழிகாட்டி’யா, வெறும் ‘காட்டி’யா?

அனைவருக்கும் வணக்கம்.

தச்சுப் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் அம்மா மறுபடி நினைவூட்டியிருக்கிறார். எங்கே அறுபடும் என்று பலகையில் லேசரால் கோடு காட்ட ரம்பத்தில் பொருத்தும் கருவிக்கு அதில் என்ன பெயர் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆகவே முதலில் முடிவு, அப்புறம் காரணம்: ‘லேசர் வழிகாட்டி’ வேண்டாம், ‘வெட்டுக்கோடு காட்டி’ என்று போடுவோம்.

> எல்லோருக்கும் புரிகிற ‘வழிகாட்டி’யை விட்டுவிட்டுப் புதிதாக எதற்கு?

புரிகிறது, ஆனால் தவறாகப் புரிகிறது. அறுக்கும்போது மரத்துக்கு வழி காட்டுவது அதை அணைத்து நிற்கும் தடுப்புப் பட்டை. லேசர் எதையும் பிடிப்பதில்லை. உள்ளே இருக்கும் உருளை வில்லை, புள்ளிக் கதிரை விசிறியாக விரிக்கிறது. விசிறி பலகையில் படும் இடம் கோடாகத் தெரிகிறது. பட்டை கோணலாக இருந்தாலும் கோடு நேராகத்தான் விழும். ‘வழிகாட்டி’ என்று படித்த மாணவர் அதை நம்பி செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை எடுக்காமலே அறுத்துவிடுவார். கழிவுத் துண்டு ஒன்றை அறுத்து, அதை அசைக்காமல் வைத்து, அறுபட்ட விளிம்புக்குக் கோட்டைக் கொண்டுவந்து பொருத்திய பிறகே அந்தக் கோட்டுக்கு மதிப்பு. அதுவும் எந்தப் பக்க விளிம்பு என்று தெரிய வேண்டும். கார்பைடு பல் வைத்த வட்ட ரம்பம் ஏறத்தாழ 3 மி.மீ. மரத்தைத் தின்றுவிடும், பக்கம் மாறினால் அவ்வளவும் பலகையில் குறையும். திசைகாட்டி திசையைக் காட்டுகிறது, கப்பலை ஓட்டுவதில்லை. ‘காட்டி’ அந்த அளவோடு நிற்கிற சொல்.

> ‘லேசர்’ தமிழே அல்ல. ‘சீரொளி’ இருக்கும்போது அது எதற்கு?

சீரொளி நல்ல சொல்; இயற்பியல் கட்டுரையில் நானும் அதையே எழுதுவேன். ஆனால் இந்தக் கையேட்டில் எச்சரிக்கை வரி ஒன்று உண்டு. இவ்வகைக் கருவிகளில் பலவும் பாதுகாப்பு வகைப்பாட்டில் இரண்டாம் வகுப்பு லேசர், 1 மில்லிவாட்டுக்குள். தற்செயலாகக் கண்ணில் பட்டால் இமை மூடிக் காத்துவிடும். உற்றுப் பார்க்கக் கூடாது. அந்த வரியில் ‘சீரொளியை உற்று நோக்கற்க’ என்றால், சீரான வெளிச்சம்தானே என்று ஒருவர் நினைக்க இடமிருக்கிறது. கண் சம்பந்தப்பட்ட இடத்தில் தூய்மை பார்க்க எனக்கு மனமில்லை.

தவிர, சில ரம்பங்களில் லேசரே கிடையாது. தகட்டுக்கு மேலே ஓர் எல்.இ.டி. விளக்கு, தகட்டின் நிழல் பலகையில் விழும். நிழலின் இரு விளிம்பும் வெட்டின் இரு விளிம்புகள். பெயரில் சீரொளியைக் கட்டிவிட்டால் இதற்கு வேறொரு பெயர் தேட வேண்டும். ‘வெட்டுக்கோடு காட்டி’ இரண்டுக்கும் பொருந்தும்.

(நிழல் என்றதும் நெடுநல்வாடை. அரண்மனைக்கு மனை வகுக்கும் இடத்தில், நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலைக் கோல் நட்டு அறிந்து, ‘நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு’ அளக்கிறார்கள். நிழலும் கயிறும் ஒரே இடத்தில்! சொல்லாமல் போக முடியவில்லை.)

> ‘ஒளிநூல்’ என்று வைத்தால் என்ன?

இதை முன்வைத்த ஐயாவோடு மனத்தளவில் நானும் உடன்படுகிறேன். நன்னூல் பாயிரத்தில் ஒரு வெண்பா பஞ்சிலிருந்து இழை நூற்பதைச் சொல்கிறது. அடுத்தது ‘மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும் நூல்’ என்கிறது. மரத்தில் நேர்கோடு போடத் தச்சர் அடிக்கும் நூலைக் காட்டித்தான் ஏட்டு நூலுக்கே மாண்பு சொல்லப்படுகிறது! ‘நூல்’ என்ற சொல்லுக்கு, சொல்லுதல் எனப் பொருள்படும் ‘நுவல்’ முதலா, இழை முதலா என்ற வழக்கில் இழையின் பக்கம்தான் நான். ஆனால் இன்று ‘ஒளிநூல்’ என்றால் ஒளியியல் புத்தகம் என்பார்கள். ‘ஒளியிழை’ என்று மாற்றினால், அது தகவல் தொடர்புக் கம்பிக்கு ஏற்கெனவே போய்விட்டது. பெயரில் வேண்டாம், வினையில் வைத்துக்கொள்வோம்: ‘நேர்ப்படுத்துக’ என்று வரும் இடங்களில் ‘நூல் பிடித்துப் பார்க்கவும்’ என்று எழுதினால் தச்சருக்கு விளக்கமே வேண்டாம்.

துளையிடும் இயந்திரத்துக்கு என் சொல் பொருந்தாது என்று ஒருவர் எழுதியிருந்தார். சரிதான். அங்கே இரண்டு கோடுகள் குறுக்கிட்டுத் துளையின் மையத்தைக் காட்டுகின்றன. அதற்கு ‘மையங்காட்டி’ போடலாம்.

பெரும்பாலோர் ‘லேசர் கோடு’ போதும் என்கிறார்கள். பலகையில் விழுவதற்கு அது சரி. ஆனால் கருவியைக் கழற்றித் துடைக்கச் சொல்லும் பக்கத்தில் ‘லேசர் கோட்டைக் கழற்றவும்’ என்றா எழுதுவது? வெள்ளிக்குள் ஒத்துவராவிட்டால் ‘லேசர் கோடு காட்டி’ என்றே அச்சேறட்டும், ஏற்றுக்கொள்கிறேன். ‘வழிகாட்டி’க்கு மட்டும் என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.