‘கால மாறிலி’க்குப் பதில் ‘தணிகாலம்’ என்று வைக்கலாமா?

நண்பர்களே,

மின்தேக்கி (capacitor) எவ்வளவு வேகமாக நிரம்பும், இறங்கும் என்று காட்டும் time constant-க்கு ‘கால மாறிலி’தான் புழக்கத்தில் இருக்கிறதே, எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கோத்தகிரியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லித் தருகிறேன்; அங்கே பட்டதை வைத்து எழுதுகிறேன்.

‘மின்தேக்கி’ நல்ல சொல். எமரால்டு, அவலாஞ்சி, பைக்காரா என்று அணைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தேக்குவது என்றால் விளக்கமே வேண்டாம். ஆனால் அணை நிறைய நிறைய ஆறு மெதுவாவதில்லை, மின்தேக்கி நிறைய நிறைய உள்ளே வரும் மின்னோட்டம் குறைந்துகொண்டே போகிறது. குழப்பம் இங்கேதான்.

போன வாரம் 9 வோல்ட் பேட்டரி, 10 கிலோஓம் மின்தடை, 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி மூன்றையும் தொடராக இணைத்து, மின்தேக்கியின் இரு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தோம். தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கினால் 10 விநாடி; இதுதான் இந்தச் சுற்றின் கால மாறிலி. பத்தாவது விநாடியில் 5.7 வோல்ட்டைத் தொட்டதும் ஒரு பெண், “அப்போ பதினாறுல ஒன்பது வந்துடுமா சார்?” என்றாள். வரவில்லை. இருபதில் 7.8, முப்பதில் 8.5 சொச்சம். சரி, இன்னும் எவ்வளவு மீதி என்று எழுதுங்கள் என்றேன்: 9, 3.3, 1.2, 0.45. பத்து விநாடிக்கொரு தரம் மீதி 37 விழுக்காடாகச் சுருங்குகிறது, ஏனென்றால் அந்த மீதிதான் மின்தடை வழியே மின்னோட்டத்தைத் தள்ளுகிறது.

‘மாறிலி’ என்றதும் பிள்ளைகள் பிளாங்க் மாறிலி மாதிரி எங்கும் ஒரே எண் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் தடையை 22 கிலோஓம் ஆக்கினால் கால மாறிலி 22 விநாடி ஆகிவிடும். ‘நிரம்புகாலம்’ என்று ஒருவர் சொன்னது அழகுதான், ஆனால் அப்போது 63 விழுக்காடுதான் நிரம்பியிருக்கும், மின்னிறக்கத்துக்கும் பொருந்தாது. சூடு ஆறுவதை வைத்து ‘ஆறுகாலம்’ என்றால் எண் ஆறு குறுக்கே வருகிறது.

‘தணிகாலம்’ இரண்டு பக்கமும் பொருந்தும். தாகம் தணிவது நிரம்புவதால், டீயின் சூடு தணிவது இழப்பதால்; இரண்டிலும் வித்தியாசம்தான் அடங்குகிறது. வினைத்தொகை என்பதால் ஒற்றும் வேண்டாம். மின்தூண்டியில் (inductor) மின்னோட்டம் ஏறுவதற்கும் இதே சொல் போதும்.

“இந்தச் சுற்றின் தணிகாலம் 10 விநாடி, ஐந்து தணிகாலத்தில் மின்தேக்கி 99 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பிவிடும்.” நேற்று இதை நோட்டில் எழுதவைத்தேன். யாரும் அர்த்தம் கேட்கவில்லை.