மலை ரோட்டில் வாகனம் தீப்பிடித்தால்? ராத்திரிப் பயணத்துக்கு என்ன எடுத்துப் போக வேண்டும்?

அட்டன் வான்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். அண்மையில் நம் இலங்கை மலையகத்தில், இராகலைப் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு வான் எரிவதைப் பார்த்தேன். ஆட்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், யாருக்கும் காயமில்லை. ஆனால் நின்ற வாகனங்களில் ஒன்றில்கூட தீயணைப்புக் கருவி கிடையாது, போனில் சிக்னலும் இல்லை, பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போய்விட்டது. என்னிடம் இருப்பது பழைய டொல்பின் வான், டீசல். தை மாதம் பதுளையில் ஒரு கல்யாணம். அம்மா, அக்கா, பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா, வெலிமடை வழியாகப் போய் ராத்திரியே திரும்ப வேண்டும். எந்த அளவுக் கருவி வாங்குவது, எங்கே வைப்பது, சிக்னல் இல்லாத இடத்தில் தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தலவாக்கலை டிரைவர்:
தம்பி, கேட்டது நல்லது. முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்தக் கருவி வானைக் காப்பாற்றுவதற்கு அல்ல, ஆட்கள் இறங்குவதற்கு நேரம் எடுத்துக்கொடுப்பதற்கு. ஒரு கிலோ பவுடர் சிலிண்டர் பத்து விநாடி அடித்தால் முடிந்துவிடும். வானுக்கு இரண்டு கிலோ வாங்குங்கள், ஏபிசி பவுடர் என்று கேளுங்கள், மீற்றர் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிக்கியில் பைகளுக்கு அடியில் போட்டு வைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற இடத்தில் கிளிப் போட்டு மாட்டுங்கள்.

அப்புறம் கதவு. நம் வான்களில் ஆட்கள் இறங்குகிற சறுக்குக் கதவு இடப்பக்கம்தான் இருக்கிறது, நாம் ஓட்டுவதும் ரோட்டின் இடப்பக்கம். பள்ளம் இடப்பக்கம் வருகிற ரோட்டில் அவசரத்தில் ஓரமாக ஒட்டி நிறுத்தினால், பிள்ளைகள் கதவைத் திறந்து கால் வைக்க இடமே இருக்காது. புகையைக் கண்டதும் நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் இறங்குகிற ஆள் நிற்க இடம் விட்டு நிறுத்துங்கள், பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும். முடக்கில் (வளைவில்) மட்டும் நிறுத்தாதீர்கள்.

நின்றதும் எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, டயருக்குக் கீழ்ப்பக்கம் ஒரு கல் வையுங்கள். எரிகிற வாகனத்தின் பிரேக்கை நம்பக் கூடாது, உருண்டு வரும். இறங்கியவர்கள் ரோட்டின் மேட்டுப் பக்கமாக ஏறிப் போக வேண்டும். எண்ணெய் ஒழுகினால் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும், நெருப்பும் அதன் கூடவே போகும். காற்றோடு புகை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமும் வேண்டாம். முப்பது மீற்றராவது தள்ளி நிற்கட்டும், சாமான் எடுக்க ஒருவரும் திரும்பக் கூடாது. தெம்பான இரண்டு பேர் ஆளுக்கொரு டோர்ச்சோடு முடக்குக்கு அப்பால் போய் இரண்டு பக்கமும் வாகனங்களை மறிக்கட்டும். நானுஓயா, அம்பேவெல பக்கம் மிஸ்ட் இறங்கினால் முன்னால் நிற்கிற மாடுகூடத் தெரியாது.

பண்டாரவளை வயரிங் வேலை:
நான் கராஜில் வயரிங் வேலை செய்கிறவன். தீப்பிடிக்கும் வாகனங்களில் நான் அதிகம் பார்ப்பது, பிறகு கூட்டிச் சேர்த்த வயர்கள்தான். ஃபொக் லைட், அம்ப், பெரிய ஹோர்ன் எல்லாவற்றையும் ஃபியூஸ் இல்லாமல் நேராக பேட்டரியில் கொடுத்திருப்பார்கள். பத்து அம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று முப்பது போட்டுவிடுவார்கள், இன்னும் சிலர் வெறும் வயர்க் கம்பியைச் சுற்றிவிடுவார்கள். ஃபியூஸ் போனால் எங்கோ கோளாறு என்று அர்த்தம். அதைத் தேடாமல் பெரிய ஃபியூஸ் போட்டால், ஃபியூசுக்குப் பதிலாக வயர் எரியும். தேயிலைக்குப் பக்கத்தில் வாகனம் நிறுத்துகிறவர்கள் எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் பொனட்டுக்குள் சூடு தேடி வந்து கூடு கட்டிவிடும்.

உங்கள் டொல்பினில் டீசல் ரிட்டர்ன் ஹோஸ்களை (மிச்ச டீசலைத் திரும்ப டாங்கிக்குக் கொண்டுபோகிற ரப்பர் குழாய்களை) கட்டாயம் பாருங்கள், பழைய ரப்பர் வெடித்திருக்கும். பெற்றோல் போல டீசல் சட்டென்று பற்றாது என்பது சரிதான், ஆனால் சூடேறிய எக்ஸோஸ்டில் சொட்டினால் பற்றும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் பழகியதாலோ என்னவோ, இன்னமும் சிலர் பிளாஸ்டிக் போத்தலில் பெற்றோல் வைத்துக்கொண்டு போகிறார்கள். ஆட்கள் இருக்கிற வானுக்குள் தயவுசெய்து அதை ஏற்ற வேண்டாம். டேஷ்போர்டில் சாமி படத்துக்கு முன்னால் ஊதுபத்தி, சூடம் கொளுத்துகிறவர்கள் வெளியே இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

பொனட்டுக்குள் புகை வந்தால் பொனட்டை முழுதாகத் தூக்காதீர்கள், காற்றுப் பட்டதும் குப்பென்று எழும்பும். லிவரை இழுத்து விட்டால் விழுகிற சின்ன இடைவெளி வழியாகவோ முன் கிரில் வழியாகவோ பவுடரை அடிக்க வேண்டும். டொல்பினுக்கு எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே என்பதால் சீட்டைத் தூக்கவே தூக்காதீர்கள், அடிப்பக்கமாக அடியுங்கள். அடங்கவில்லை என்றால் விட்டுவிட்டு விலகுங்கள்.

தலவாக்கலை டிரைவர்:
வயரிங் தம்பி சொன்னது சரி. பிரேக்கைச் சொல்ல மறந்துபோனேன். இறம்பொடை இறக்கம், எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்குவது மாதிரி நீண்ட இறக்கத்தில் காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தால் லைனிங் கருகும், பிரேக் ஒயில் கொதித்து மிதி கீழே போய்விடும், சில நேரம் ஹப்பில் உள்ள கிரீசும் டயரும் பற்றிக்கொள்ளும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். கருகிய வாடை வந்தால் மட்டமான இடம் பார்த்து நிறுத்தி ஆற விடுங்கள். புகை மட்டும் வந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான டிஸ்க், ட்ரம் விரிசல் விடும். டயர் தீயாகவே எரிந்தால் பவுடர் அடித்தாலும் திரும்பப் பற்றும், நிறையத் தண்ணீர் வேண்டும். டயரின் பக்கவாட்டில் மட்டும் நிற்காதீர்கள், வெடித்தால் அந்தப் பக்கம்தான் தெறிக்கும்.

டிஸ்பென்சரி அக்கா:
தோட்ட டிஸ்பென்சரியில் வேலை செய்கிறேன். தீக்காயம் பட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து விழுகிற தண்ணீர்) சுத்தமாக இருந்தால் அதுவே போதும், ஐஸ் வேண்டாம். பெரிய காயமென்றால், அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு, காயத்தை மட்டும் குளிரவைத்து மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள், நம் மலைக் குளிரில் உடம்பு விறைத்துப்போகும். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ஒட்டிப்போன துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, எண்ணெய், மஞ்சள் எதுவும் பூச வேண்டாம், பிறகு அதைச் சுரண்டி எடுக்கும்போது படுகிற வேதனையைப் பார்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். புகையைக் குடித்தவர் நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அம்புலன்சுக்கு 1990, சுவசெரிய, காசு இல்லை. பொலிஸ் 119, தீயணைப்பு 110. கண்டி, நுவரெலியா, பதுளை மாநகர சபைகளின் தீயணைப்புப் பிரிவு நேரடி இலக்கங்களையும் கிளம்பும் முன்பே போனில் போட்டு வையுங்கள். கூப்பிடும்போது தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்துக் கிலோமீற்றர் கல் இவற்றைச் சொன்னால்தான் கண்டுபிடிப்பார்கள், “வெலிமடை ரோட்டில்” என்றால் எங்கே தேடுவது? சிக்னல் இல்லையென்றால் பக்கத்து ஸ்டோருக்கோ (தேயிலைத் தொழிற்சாலைக்கோ) லயத்துக்கோ (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கோ) ஒருவரை ஓடவிடுங்கள். ஸ்டோரில் தீயணைப்புக் கருவியும் தண்ணீரும் இருக்கும், ராத்திரி வாச்சரும் இருப்பார்.

அட்டன் வான்காரன்:
எல்லோருக்கும் மிகவும் நன்றி. ஒரு சந்தேகம். அக்காவின் வீட்டுக்காரர் ஹைபிரிட் காரில் எங்கள் பின்னால் வருகிறார். அதற்கும் இதே பவுடர் போதுமா?

பண்டாரவளை வயரிங் வேலை:
சீட், வயர் பற்றினால் போதும். பெரிய பேட்டரி பற்றினால் போதாது, அணைந்த மாதிரி இருந்து மணித்தியாலக் கணக்கில் கழித்தும் திரும்பப் பற்றலாம், புகையும் விஷம். இறங்கித் தூரப் போவது மட்டும்தான் வேலை. ஆரஞ்சு நிற வயர்களில் கை வைக்கக் கூடாது. தீயணைப்புக்குச் சொல்லும்போதே ஹைபிரிட் என்று சொல்லிவிடுங்கள். அக்வா, பிரியஸ் மாதிரியென்றால் பின் சீட்டுப் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்றுப் போகிற துவாரம் ஒன்று இருக்கும், கல்யாண வீட்டுப் பைகளை அதன்மேல் அடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.