காலாவதியாகித் திரும்பும் மருந்துக்கு ஒரு கணக்குச்சொல்: ‘வருதிருப்பம்’

கலைச்சொல் குழுமத்தார் அனைவருக்கும் சேலத்திலிருந்து வணக்கம்.

தமிழ்வழி வணிகவியல் மாணவர்களுக்கான கையேட்டில், மருந்து நிறுவனம் ஒன்றின் கணக்கியல் கொள்கைகளை எடுத்துக்காட்டாகச் சேர்க்கிறோம். அதில் ஒரு கருத்துக்கு இன்னும் சொல் அமையவில்லை. விற்ற மருந்தில் ஒரு பகுதி காலாவதியாகித் திரும்பிவரும் என்று நிறுவனம் முன்கூட்டியே மதிப்பிட்டு, அந்தத் தொகையை விற்பனை வருவாயில் சேர்க்காமல் பொறுப்பாக (பின்னால் தர வேண்டிய தொகையாக) நிறுத்திவைக்கிறதே, அதற்குத்தான் சொல் வேண்டும். இதுவரை குழுமத்தில் வந்தவை காலாவதி ஒதுக்கு, காலாவதிக் கழிவு, மீள்வரவு ஆகியவை. எக்ஸ்பயரி ரிட்டன் என்றே விட்டுவிடலாம் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். நான் ‘வருதிருப்பம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். இங்கே சொல் தவறினால் பதிவும் தவறிவிடும்.

முதலில் பொருள் எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். எங்கள் ஊரில் ஜவ்வரிசி வணிகம் எல்லோருக்கும் தெரியும். சேகோசர்வ் என்ற ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக விற்றுப்போன மூட்டை விற்றதுதான். இரண்டு ஆண்டு கழித்து அது ஆலைக்குத் திரும்பி வருவதில்லை. மருந்து அப்படியல்ல. மாத்திரைக்கும் டானிக்குக்கும் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஆயுள். நிறுவனம் ஸ்டாக்கிஸ்டுக்கு (மொத்த விநியோகஸ்தருக்கு) விற்கிறது, ஸ்டாக்கிஸ்ட் கடைக்கு விற்கிறார். செவ்வாய்ப்பேட்டையில் வேகமாக நகரும் சரக்கு, சேர்வராயன் மலைக் கிராமங்களை நம்பியிருக்கும் ஏற்காட்டுச் சிறுகடையில் நகராமல் கிடக்கலாம். ஒரு மருந்தை வழக்கமாக எழுதிக்கொடுத்த மருத்துவர் மாற்றலாகிப் போனால், அது அலமாரியிலேயே தங்கிவிடும். தேதி முடிந்ததும் கடையிலிருந்து ஸ்டாக்கிஸ்டுக்கும், அவரிடமிருந்து நிறுவனத்துக்கும் அது வந்த வழியே திரும்புகிறது. ஈடு பெரும்பாலும் ரொக்கமாக வராது, கிரெடிட் நோட்டாக (நிலுவையில் கழித்துக்கொள்ளும் சீட்டாக) வரும்.

இது வெறும் வணிக வழக்கமும் அல்ல. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65-ஆவது விதி, காலாவதியான மருந்தை விற்கவோ இருப்பில் வைக்கவோ கூடாது என்கிறது. ஒரு விலக்கும் தருகிறது. திரும்பப் பெறவோ ஈடு தரவோ அழிக்கவோ உற்பத்தியாளரிடம் நடவடிக்கை எடுத்திருந்தால், விற்பனைச் சரக்கிலிருந்து பிரித்து, ‘விற்பனைக்கு அல்ல’ என்று மேலே தெரியும்படி எழுதிய பெட்டியில் அதுவரை வைத்திருக்கலாம். ஆகவே விற்பனை நாளிலேயே திரும்பும் வழியும் திறந்திருக்கிறது. கணக்கு எழுதுபவர் அதைத் தெரிந்துகொண்டே எழுதுகிறார்.

இனி கணக்கு. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இண்ட் ஏ.எஸ். 115 என்ற இந்தியக் கணக்கியல் தரநிலை, நிறுவனம் தனக்கு உரியதாகும் என்று எதிர்பார்க்கும் தொகையை மட்டுமே வருவாயாகக் காட்டச் சொல்கிறது. ஸ்டாக்கிஸ்டுக்கு 1,00,000 ரூபாய்க்கு மருந்து விற்றோம், பழைய அனுபவப்படி 3 விழுக்காடு திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். கடனாளி கணக்கில் பற்று (டெபிட்) 1,00,000. விற்பனையில் வரவு (கிரெடிட்) 97,000 மட்டும். மீதி 3,000 ஒரு பொறுப்புக் கணக்கில் வரவு. பிறகு 2,600 ரூபாய்க்குச் சரக்கு திரும்பினால், அந்தப் பொறுப்பில் பற்று வைத்து ஸ்டாக்கிஸ்டுக்கு வரவு வைக்கிறோம். எஞ்சிய 400 வருவாய்க்குப் போகிறது. 3,500 ரூபாய்க்குத் திரும்பினால், கூடுதல் 500 அப்போதைய வருவாயைக் குறைக்கிறது. செலவு என்ற தலைப்பு இதில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நாமக்கல் பேராசிரியர் ஐயா முன்வைத்த ‘காலாவதி ஒதுக்கு’ இந்த இடத்தில்தான் பொருந்தாமல் போகிறது. ஒதுக்கு என்றதும் மாணவர் ஐயக்கடன் ஒதுக்கை (வசூலாகாமல் போகலாம் என்ற கடனுக்கு ஒதுக்கும் தொகையை) நினைப்பார், இலாப நட்டக் கணக்கில் செலவாகப் பற்று வைத்துவிடுவார். நிகர இலாபம் மாறாது என்பது உண்மை. ஆனால் விற்பனை 1,00,000 என்று ஊதிப்போகும். விற்பனையைப் பார்த்துத்தான் வங்கி கடன் தருகிறது, முதலீட்டாளர் விலை போடுகிறார், விற்பனைப் பிரதிநிதிக்கு ஊக்கத்தொகை முடிவாகிறது. திரும்பிவரப் போகிற சரக்கை விற்பனை என்று காட்டுவதைத் தடுக்கவே தரநிலை இவ்வளவு பாடுபடுகிறது. நம் சொல் அந்த வேலையைக் கெடுத்துவிடக் கூடாது.

ஐயாவின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. இண்ட் ஏ.எஸ். எல்லைக்குள் வராத சிறு நிறுவனங்கள் இன்றும் பழைய தரநிலைகளான ஏ.எஸ். 9, ஏ.எஸ். 29 ஆகியவற்றின்படியே எழுதுகின்றன; அங்கே அது ஒதுக்கேதான். இண்ட் ஏ.எஸ். பின்பற்றும் பெரிய நிறுவனங்கள் சிலவற்றின் ஆண்டறிக்கையிலும் இது ஒதுக்குகளின் பட்டியலில் இடம்பெறுவதைப் பார்க்கலாம். ஆகவே நமக்குத் தேவையான சொல் ஒதுக்கோடும் சேர வேண்டும், பொறுப்போடும் சேர வேண்டும். திரும்பும் நிகழ்வுக்கு ஒரு சொல் அமைந்துவிட்டால், ‘வருதிருப்ப ஒதுக்கு’ என்றும் ‘வருதிருப்பப் பொறுப்பு’ என்றும் நிறுவனத்துக்கு ஏற்பச் சொல்லிக்கொள்ளலாம்.

‘காலாவதிக் கழிவு’ வேண்டவே வேண்டாம் என்பேன். தமிழ்நாட்டுப் பாடநூலில் கழிவு என்றால் தரகர், முகவர் பெறும் கமிஷன். இலங்கைப் பாடநூலில் கழிவு என்றால் நாம் தள்ளுபடி என்பது. மருந்து ஆலைக்குள் போய்க் கழிவு என்றால் தொட்டியில் கொட்டுவதைக் காட்டுவார்கள். காலாவதி மருந்து உண்மையிலேயே கழிவாகி எரிக்கப்படுகிறது என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

‘மீள்வரவு’ காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கேட்டில் வரவு என்ற சொல்லைத் தொடும்போது மிகுந்த கவனம் வேண்டும். இங்கே பற்று, வரவு என்று எழுதுகிறோம், வரவு வலப்பக்கம். யாழ்ப்பாணத்து மாணவர் வரவு, செலவு என்று எழுதுகிறார். அவருக்கு வரவு இடப்பக்கம். ஒரே சொல் பாக் நீரிணையைக் கடந்ததும் பக்கம் மாறிவிடுகிறது. புதிதாக ஆக்கும் சொல்லில் அந்தச் சிக்கலை நாமே ஏன் கொண்டுவந்து வைக்க வேண்டும்?

எக்ஸ்பயரி ரிட்டன் என்றே எழுதலாம் என்ற மருந்து மொத்த வணிக நண்பருக்கு: கடையில் அப்படித்தான் சொல்கிறோம், அதை மாற்றச் சொல்லி யாரையும் நான் கேட்க மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் எக்ஸ்பயரி ரிட்டன் பெட்டியில் கட்டி லாரியில் ஏற்றிய சரக்கு. நான் சொல் தேடுவது இன்னும் கடை அலமாரியில் விற்பனைக்கு இருக்கும், தேதி முடியாத, ஆனால் ஒரு பங்கு திரும்பும் என்று எதிர்பார்க்கும் சரக்கின் தொகைக்கு. இரண்டும் வேறு. ஒரே பெயரிட்டால் சரக்கு கைக்கு வந்தபிறகு பதிவு போட்டால் போதும் என்று மாணவர் நினைத்துவிடுவார். இரண்டு ஆண்டு ஆயுளுள்ள மருந்து இந்த நிதியாண்டில் விற்று, அடுத்தடுத்த நிதியாண்டுகளில் திரும்புகிறது. அதுவரை காத்திருந்தால் விற்ற ஆண்டின் வருவாய் பொய்யாகிவிடும்.

‘வருதிருப்பம்’ எப்படி அமைந்தது என்று சொல்கிறேன். விற்பனைத் திருப்பம், கொள்முதல் திருப்பம் ஆகியவை பதினோராம் வகுப்பிலேயே மாணவர் கற்ற சொற்கள். திருப்ப ஏடு என்று தனி ஏடே போடுகிறார்கள். அடித்தளம் அங்கே தயாராக இருக்கிறது. முன்னால் ‘வரு’ சேர்த்தால் வினைத்தொகை; வருபுனல் போல, ஒற்று மிகாமல் வருதிருப்பம். வினைத்தொகை முக்காலத்துக்கும் பொருந்தும் என்பது இந்தக் கணக்குக்கு வாய்த்த பொருத்தம். மார்ச் 31 அன்று அந்தப் பொறுப்புக் கணக்கில் என்னென்ன இருக்கும்? கிடங்குக்கு வந்து சேர்ந்து, எண்ணிப் பார்த்து, கிரெடிட் நோட்டு இன்னும் போடாத சரக்கின் தொகை இருக்கும். லாரியில் வந்துகொண்டிருப்பதற்கான தொகை இருக்கும். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வரப்போவதற்கான மதிப்பீடும் இருக்கும். வந்தது, வருவது, வரும் என்ற மூன்றையும் ஒரே சொல்லில் பிடிக்க இதைவிடக் கச்சிதமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. எதிர்பார்க்கப்படும் திருப்பம் என்று நீட்டினால் முதல் இரண்டும் வெளியே போய்விடுகின்றன.

ஏற்காட்டுத் தமிழாசிரியர் அம்மா தனிமடலில் கேட்டார்: திருப்பம் என்றால் கதையில் வரும் திருப்பம் என்று வாசகர் எண்ண மாட்டாரா? பொது வாசகர் எண்ணக்கூடும். ஆனால் விற்பனைத் திருப்பம் பயின்ற மாணவருக்கு அந்த ஐயம் எழாது, கலைச்சொல் அவருக்காகத்தான். இலங்கைப் பாடநூல்கள் உட்திரும்பல், வெளித்திரும்பல் என்று எழுதுகின்றன. சரக்கு தானாகத் திரும்புகிறது என்ற பொருளில் திரும்பல், ஒருவர் திருப்புகிறார் என்ற பொருளில் திருப்பம். அங்குள்ளவர்கள் ‘வருதிரும்பல்’ என்று எழுதினால் எனக்கு முழுச் சம்மதம். முன்பகுதி ஒன்றாக இருந்தால் இரு கரையிலும் புரியும்.

வரித்துறை ஆவணத்தைக் காட்டி ஒரு மறுப்பும் வந்தது. 2018 அக்டோபர் 26 தேதியிட்ட ஜிஎஸ்டி சுற்றறிக்கை, காலாவதி மருந்தைக் கடைக்காரர் புதிய விற்பனையாகவே பில் போட்டுத் திருப்பி அனுப்பவும் இடம் தருகிறது. அப்போது நிறுவனத்துக்கு அது கொள்முதல் ஆகாதா, திருப்பம் என்று எப்படிச் சொல்வது என்பது கேள்வி. நல்ல கேள்வி. ஆனால் அந்த பில் வரியின் வசதிக்காக எடுத்த வடிவம். அழிப்பதற்காகத் தேதி முடிந்த மாத்திரையை யாரும் கொள்முதல் செய்வதில்லை. வடிவத்தைவிட உட்பொருளுக்கு முதன்மை தர வேண்டும் என்று ஏ.எஸ். 1 சொல்வது இத்தகைய இடங்களுக்காகத்தான். சரக்கை அழித்தால், அந்த பில்லில் எடுத்த உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டதை) நிறுவனம் திருப்ப வேண்டும் என்பதையும் கையேட்டில் ஒரு வரியில் சேர்த்துவிடலாம்.

இன்னும் ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். எதிர்பார்க்கும் திருப்பத்தை வருவாயிலிருந்து கழிப்பது கொள்கை; எத்தனை விழுக்காடு என்பது மதிப்பீடு. 3 விழுக்காடு 4 ஆனால் கொள்கை மாறிவிட்டது என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். இண்ட் ஏ.எஸ். 8 இரண்டையும் கறாராகப் பிரிக்கிறது. மதிப்பீடு மாறினால் அந்த ஆண்டும் இனிவரும் ஆண்டுகளும் மாறும். கொள்கையைத் தாமாக மாற்றினால், பொதுவாக முந்தைய ஆண்டின் எண்களையும் திருத்திக் காட்ட வேண்டும். கையேட்டில் எங்கள் தரப்பு வரைவே இந்த இரண்டையும் ஒரே பத்தியில் கலந்திருந்தது. அதைப் பிரித்து எழுதும்படி கேட்டிருக்கிறேன்.

அமெரிக்க ஏற்றுமதிக்கான சார்ஜ்பேக்கையும் வருதிருப்பத்தில் அடக்கலாமா என்றால், கூடாது. அங்கே மொத்த வணிகர் பட்டியல் விலையில் வாங்கி, ஒப்பந்த விலையில் மருத்துவமனைக்குக் குறைத்து விற்றுவிட்டு, வேறுபாட்டை உற்பத்தியாளரிடம் கேட்கிறார். வருவாய் குறைகிறது, ஆனால் சரக்கு எதுவும் திரும்பவில்லை. அதற்கு ‘விலைவேறுபாட்டு ஈடு’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். தனி இழையில் பேசலாம்.

கையேட்டுக்கான பத்தியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

“சரக்கின் கட்டுப்பாடு வாடிக்கையாளருக்கு மாறும்போது விற்பனை வருவாய் ஏற்கப்படுகிறது. வருதிருப்பம், தள்ளுபடி, விலைவேறுபாட்டு ஈடு ஆகியவற்றின் மதிப்பீட்டைக் கழித்த தொகையே வருவாய். வருதிருப்பம், கடந்த காலத் திருப்ப அனுபவம், மருந்தின் ஆயுட்காலம், ஸ்டாக்கிஸ்டுகளிடமும் கடைகளிலும் உள்ள இருப்பு ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது. ஒவ்வோர் அறிக்கை நாளிலும் மறுபடி பார்க்கப்படுகிறது. அத்தொகை வருதிருப்பப் பொறுப்பாகக் காட்டப்படுகிறது. திரும்பும் சரக்கை மீண்டும் விற்க முடியுமானால் மட்டுமே அதைத் திரும்பப் பெறும் உரிமை சொத்தாகக் காட்டப்படும். காலாவதியான சரக்குக்கு அத்தகைய சொத்து எதுவும் ஏற்கப்படுவதில்லை.”

தணிக்கை அலுவலகங்களில் இருப்பவர்களும் மருந்து மொத்த வணிகத்தில் இருப்பவர்களும் இந்தப் பத்தியை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். எந்தச் சொல்லில் நின்று யோசிக்க வேண்டியிருந்தது என்று எழுதினால், அச்சுக்குப் போகும் முன் திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
சேலத்திலிருந்து உங்கள் குழும நண்பர்