புது ஆட்டோமேட்டிக் வாட்ச் தினமும் 18 வினாடி முந்துகிறது, இது தரக்குறைவா?

வாய்க்கால்மேடு (கோபி):

வணக்கங்க. இரண்டு வருடம் காசு சேர்த்து, போன மாதம் கோவையில் ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச் (கை அசைவிலேயே சாவி ஏறுவது) வாங்கினேன், 24,000 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம். உள்ளே இருப்பது மணிக்கு 21,600 துடிப்பு உள்ள ஜப்பான் இயந்திரம். தினமும் காலையில் போன் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன், 18 வினாடி, சில நாள் 19 வினாடி முந்துகிறது. ஒரு வாரத்தில் இரண்டு நிமிடம் ஆகிவிடுகிறது. இன்னொன்று, டயலில் 12 மணிக் குறிக்கு நேராக, டயலைச் சுற்றியுள்ள உள்வளையத்தின் கோடு இருக்க வேண்டும் அல்லவா, அது அரைக் கோடு அளவுக்கு வலப்பக்கம் விலகி இருக்கிறது. முதலில் கண்ணில் படவில்லை, பட்டபிறகு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

கடையில் கேட்டேன். "கம்பெனி கார்டைப் பாருங்க, நாளைக்கு 20 வினாடி பிந்தலாம், 40 வினாடி முந்தலாம், உங்களுது அதுக்குள்ளதான இருக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கார்டில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. ஆனால் என் தங்கை கல்லூரிக்குக் கட்டிப் போகும் 600 ரூபாய் பேட்டரி வாட்ச் மாதத்துக்கே 10 வினாடிதான் தள்ளுகிறது. அப்புச்சியிடம் ஒரு எச்.எம்.டி. ஜனதா இருந்தது, காலையில் வானொலிச் செய்தி ஆரம்பிக்கும்போது முள்ளைத் திருத்தி, சாவி கொடுத்து வைப்பார், அது ஒரு நிமிடத்துக்கு மேல் தப்பி நான் பார்த்ததில்லை.

இதைத் தரக்குறைவு என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கலாமா? சுவிஸ்காரர்கள் மட்டும் எப்படி நாலு, ஆறு வினாடிக்குள் நிறுத்துகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மைக்ரான் (கணபதி, கோவை):

தம்பி, எனக்கு சி.என்.சி. பட்டறை, வாட்ச் ரிப்பேர் தெரியாது. ஆனால் 18 வினாடி என்றால் எவ்வளவு என்பதை எங்கள் கணக்கில் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு 86,400 வினாடி. அதில் 18 என்பது நூற்றுக்கு 0.02 பங்கு. 50 மி.மீ. தண்டு ஒன்றைக் கடைசல் பிடித்தால் அதில் 0.02 சதவீதம் சுமார் 10 மைக்ரான், தலைமுடியின் கனத்தில் ஏழில் ஒரு பங்கு இருக்கும். பம்புத் தண்டில் பேரிங் உட்காரும் இடத்துக்கு இதே மாதிரி வரம்பு கொடுத்துத்தான் எங்களுக்கு டிராயிங் வருகிறது, ஒழுங்கான ஆபரேட்டர் இருந்தால்தான் நாள் முழுக்க அது நிற்கும். உங்கள் வாட்ச் ஒரு நாளைக்கு 5,18,400 முறை துடிக்க வேண்டியது, 108 துடிப்பு கூடுதலாகத் துடிக்கிறது, அவ்வளவுதான். அதுவும் கை போன பக்கமெல்லாம் குலுங்கிக்கொண்டு, வெயிலிலும் ஏசியிலும் மாறி மாறி இருந்துகொண்டு. இதை மோசமான வேலை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பாகங்களை இன்னும் நுட்பமாகச் செய்தால் போதும், தானாக நேரம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். முன்னும் பின்னும் ஆடி வாட்சைத் துடிக்க வைக்கும் பேலன்ஸ் வீலின் முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அந்த வீலை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் கனத்தில் துளி மாறினாலும் அதன் இழுவிசை பல மடங்கு மாறிவிடும், கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். எவ்வளவு நல்ல மெஷினில் இழுத்தாலும் எல்லா ஸ்பிரிங்கும் ஒன்றுபோல வராது. அதனால் ஸ்பிரிங்குகளையும் வீல்களையும் தனித்தனியாக அளந்து, ரகம் பிரித்து, இதுக்கு இது என்று ஜோடி சேர்ப்பார்கள். எங்கள் ஊரில் இதற்கு செலக்டிவ் அசெம்பிளி என்று பெயர், இன்ஜின் வேலையில் பிஸ்டனையும் அது ஓடும் சிலிண்டர் துளையையும் இப்படித்தான் கிரேடு போட்டு மாட்டுவோம். ஜோடி சேர்த்த பிறகும் ஒவ்வொரு வாட்சையும் ஒரு ஆள் உட்கார்ந்து திருத்த வேண்டும். விலை ஏறுவது பெரும்பாலும் அந்த ஆள் உட்காரும் நேரத்துக்குத்தான். உங்கள் வாட்சில் அந்த நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த விஷயம். எங்கள் பட்டறையில் ஒல்லியான நீளத் தண்டுகளுக்கு ஸ்லைடிங் ஹெட் லேத் ஓடுகிறது. 19-ம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தில் வாட்சுக்குத் திருகும் தண்டும் செய்யக் கண்டுபிடித்ததுதான் அது, இன்றைக்கும் பெயரே சுவிஸ் டைப் லேத். வாட்சுக்குப் பிறந்த மெஷின் கணபதியில் வால்வு பாகம் கடைந்துகொண்டிருக்கிறது. நம் பக்கத்து ஓசூரில் டைட்டன்காரர்கள் 2002-ல் கொண்டுவந்த எட்ஜ் வாட்சின் குவார்ட்ஸ் இயந்திரம் மொத்தமே 1.15 மி.மீ. கனம். அதற்குள் பல்சக்கரமும் கம்பிச் சுருளும் அடங்க வேண்டும் என்றால் அங்கே ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன வரம்பு போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பேலன்ஸ்வீல் (ஈரோடு):

மைக்ரான் அண்ணன் கணக்கு சரி. ஆனால் கேள்வி கேட்ட தம்பி பார்க்க வேண்டியது 18 என்கிற எண்ணை அல்ல. அந்த 18 தினமும் 18 ஆகவே இருக்கிறதா என்பதைத்தான். எங்கள் அய்யன் காலத்திலிருந்து நாங்கள் வாட்ச் வேலைதான் செய்கிறோம், நான் பெஞ்சில் உட்கார்ந்து 22 வருடம் ஆகிறது. தினமும் 18 முந்துகிற வாட்சைக் கொண்டுவந்து கொடுத்தால் கால் மணி நேர வேலை. ஒரு நாள் 2 முந்தி, அடுத்த நாள் 9 பிந்தி, மூன்றாம் நாள் 6 முந்துகிற வாட்ச் வாரக் கணக்கில் பார்த்தால் கச்சிதமாகத் தெரியும், ஆனால் உள்ளே எங்கேயோ கோளாறு இருக்கிறது. எனக்கு அதுதான் தலைவலி.

சுவிஸ் குரோனோமீட்டர் சான்று என்கிறார்களே, சி.ஓ.எஸ்.சி. என்ற அமைப்பு 1973-லிருந்து கொடுப்பது, அதன் சோதனையைப் பார்த்தால் இது புரியும். ஐ.எஸ்.ஓ. 3159 என்ற சர்வதேசத் தரப்படி இயந்திரத்தை 15 நாள், 5 கிடைகளில் (வைக்கும் நிலைகளில்), 8, 23, 38 டிகிரி என்று 3 வெப்பநிலைகளில் வைத்து ஓடவிட்டு அளப்பார்கள். எல்லோரும் சொல்வது 4 பிந்தலாம், 6 முந்தலாம் என்கிற சராசரியை மட்டும். ஆனால் தேற வேண்டிய அளவுகோல் மொத்தம் ஏழு, அந்தச் சராசரி ஏழில் ஒன்றுதான். மற்றவை பெரும்பாலும் மாறாமல் இருக்கிறதா என்று கேட்பவை: நாளுக்கு நாள் வித்தியாசம் சராசரியாக 2 வினாடிக்குள் இருக்கிறதா, ஒரே கிடையில் அதிகபட்ச வித்தியாசம் 5-க்குள் நிற்கிறதா, படுக்க வைத்ததற்கும் நிமிர்த்தி வைத்ததற்கும் எவ்வளவு மாறுகிறது, ஒரு டிகிரி சூட்டுக்கு 0.6 வினாடிக்கு மேல் தள்ளுகிறதா என்று. சராசரியைப் பெரும்பாலான வாட்சுகளில் ஒரு நெம்புகோலைத் தள்ளிச் சரிசெய்துவிடலாம். மற்றதெல்லாம் பாகமும் பொருத்தும் கையும் நன்றாக இருந்தால்தான் வரும்.

கிடை ஏன் முக்கியம் என்றால், வாட்ச் மல்லாந்து படுத்திருக்கும்போது பேலன்ஸ் வீல் தன் முனையில் மட்டும் நின்று சுற்றும், உராய்வு குறைவு. நிமிர்த்தினால் முனையின் பக்கவாட்டு முழுவதும் அதைத் தாங்கும் கல்லில் உரசும், ஆட்டம் குறையும். வீலில் ஒரு பக்கம் துளி கனம் கூடியிருந்தால் அது வேறு கீழே இழுக்கும். அதனால் ஒவ்வொரு கிடையிலும் ஓட்டம் வேறு.

தம்பி, இப்படிச் செய்து பாருங்கள். முழுதாகச் சாவி கொடுத்து, ஒரு நாள் மல்லாத்தி வையுங்கள், ஒரு நாள் குப்புற, ஒரு நாள் சாவித் திருகு கீழே பார்க்க நிறுத்தி. ஒவ்வொன்றையும் 24 மணி கழித்து எழுதி வையுங்கள். அப்புறம் மூன்று நாள் கையில் கட்டிப் பாருங்கள். போன் நேரமே போதும், இந்திய நேரத்தைக் காப்பது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம், அவர்கள் தளத்திலும் பார்க்கலாம். கூடவே ஒரு திசைகாட்டிக்குப் பக்கத்தில் வாட்சை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வாட்ச் துடிக்கிற வேகத்துக்கு முள்ளும் நடுங்கினால் ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கிறது. போன் கவர், பை பட்டன், ஸ்பீக்கர் என்று இப்போது எல்லாவற்றிலும் காந்தம். சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் நீளம் குறைந்த மாதிரி ஆகி வாட்ச் தறிகெட்டு முந்தும், நிமிடக் கணக்கில்கூட. காந்தம் இறக்கும் மெஷினில் காட்டினால் ஒரு நிமிடத்தில் சரி.

பேட்டரி வாட்சோடு ஒப்பிட வேண்டாம். அதில் குவார்ட்ஸ் கல் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது, உங்களுடையது 6 முறைதான் துடிக்கிறது. அங்கே கல்லில் இருக்கும் சிறு பிசகையும் சிப்பே சில துடிப்புகளை விட்டுவிட்டுச் சரிக்கட்டிக்கொள்ளும். இங்கே சரிக்கட்ட என்னைப் போல் ஒருவன் வேண்டும். உங்கள் அப்புச்சியின் ஜனதா அதைவிட மெதுவு, வினாடிக்கு 5 துடிப்பு. ஆனால் தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்தார் பாருங்கள், ஸ்பிரிங்கின் இறுக்கம் நாளுக்கு நாள் ஒரே மாதிரி இருந்தது, தினமும் முள்ளையும் திருத்தினார். தவறு சேரவே அவர் விடவில்லை.

நூல்கண்டு (திருப்பூர்):

நான் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் 14 வருடமாகத் தரப் பரிசோதனை. நேரத்தைப் பற்றி ஈரோட்டு அண்ணன் சொல்லிவிட்டார், நான் அந்த விலகிய கோட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அது எங்கள் வேலை.

எங்கள் வேலையில் 1,200 பீஸ் கொண்ட ஒரு லாட் வந்தால் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை, அட்டவணைப்படி 80 பீஸ் எடுத்துப் பார்ப்போம். ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 என்றால் 5 பீஸில் பெரிய குறை இருந்தாலும் லாட் பாஸ், 6 ஆனால் திருப்பி அனுப்புவோம். இதன் அர்த்தம், பாஸான லாட்டிலும் குறையுள்ள பீஸ் இருக்கும், யாரோ ஒருவர் அதை வாங்குவார். வாட்சிலும் மலிவு ரகங்களில் நிறைய சோதனைகள் மாதிரி எடுத்துத்தான். தண்ணீர் தாங்கும் சோதனையைப் பாருங்கள், சாதாரண வாட்சுக்கான ஐ.எஸ்.ஓ. 22810 மாதிரி எடுத்துச் சோதிக்க இடம் கொடுக்கிறது. நீரில் மூழ்குபவர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 ஒவ்வொரு வாட்சையும், எழுதியிருக்கும் அழுத்தத்தைவிடக் கால் பங்கு கூடுதலாகக் கொடுத்துச் சோதிக்கச் சொல்கிறது. (30 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பிக் கொடிவேரியில் அருவிக்கு அடியில் போய் நிற்காதீர்கள் தம்பி. அது கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்குத்தான்.)

கடைக்காரர் சொன்னதில் பாதியைத்தான் ஏற்றுக்கொள்ள முடியும். ஓட்டத்துக்குக் கார்டில் வரம்பு போட்டிருக்கிறது, வாங்கும் முன்னே தெரியும், அதில் சண்டை போட முடியாது. உள்வளையம் விலகியதற்கு அந்தக் கார்டில் வரம்பே கிடையாது. அது கண்ணால் பார்த்துத் தடுத்திருக்க வேண்டிய பொருத்தல் குறை, கோடு போட்ட சட்டையில் பாக்கெட் கோடு சேராத மாதிரி. ஓட்டத்தையும் இதையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டால் "வரம்புக்குள்" என்ற ஒரே பதிலில் இரண்டையும் மூடிவிடுவார்கள். நேராக மேலிருந்து ஒரு படம், பில், வாரண்டி கார்டு மூன்றையும் வைத்து இதை மட்டும் தனியாக, எழுத்தில் கேளுங்கள்.

வாய்க்கால்மேடு (கோபி):

எல்லோருக்கும் நன்றிங்க. 9 நாள் எழுதி வைத்தேன். மல்லாத்தி வைத்தது இரண்டு நாள், 19, 19 முந்தல். குப்புற இரண்டு நாள், 17, 18. சாவித் திருகு கீழே பார்க்க இரண்டு நாள், 11, 11. கையில் கட்டிய மூன்று நாள் 15, 16, 15. திசைகாட்டி முள் அசையவில்லை. முன்பு 18, 19 வந்தது ராத்திரி முழுக்க மல்லாத்தி வைத்ததால் என்று நினைக்கிறேன், இந்த மூன்று நாள் தூங்கும்போதும் கையிலேயே இருந்தது.

உள்வளையத்துக்கு நூல்கண்டு அண்ணன் சொன்ன மாதிரி தனியாக எழுதி அனுப்பினேன். நான்காம் நாள் பதில் வந்தது, சர்வீஸ் சென்டரில் கழற்றிச் சரிசெய்து தருகிறார்களாம், காசு இல்லை. இந்த எண்களைப் பார்த்தால் வாட்ச் நல்லதுதானுங்களா?

பேலன்ஸ்வீல் (ஈரோடு):

நல்ல வாட்ச் தம்பி, வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கிடையில் ஒரு வினாடிக்கு மேல் மாறவில்லை, 24,000 ரூபாய் வாட்சில் இது சந்தோஷமான எண். கிடைக்குக் கிடை 8 வினாடி வித்தியாசம் இருக்கிறது, அதைக் குறைக்க ஹேர்ஸ்பிரிங்கிலேயே கை வைக்க வேண்டும், இந்த விலையில் நான் அதைத் தொடமாட்டேன். சர்வீஸ் சென்டரில் எப்படியும் திறக்கிறார்கள் இல்லையா, அப்போதே "13 வினாடி குறைத்துக் கொடுங்கள்" என்று எண்ணாகவே சொல்லுங்கள். வாரண்டி இருக்கும்போது வெளியில் திறக்க வேண்டாம், என்னிடமும் வேண்டாம். டைம்கிராபரில் (ஓட்டத்தை அளக்கும் மெஷின்) வைத்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஆம்ப்ளிடியூட், அதாவது பேலன்ஸ் வீல் ஆடும் அளவு, முழுச் சாவியில் 260 டிகிரிக்கு மேல் இருந்தால் போதும், பீட் எரர், அதாவது இரு பக்க ஆட்டத்துக்கும் உள்ள நேர வித்தியாசம், 0.8 மில்லி வினாடிக்குக் கீழே இருக்கட்டும்.

வாய்க்கால்மேடு (கோபி):

வாட்ச் நேற்றோடு வந்து ஆறு நாள் ஆகிறது. சீட்டில் ஆம்ப்ளிடியூட் 272, பீட் எரர் 0.4. உள்வளையக் கோடு நேராகிவிட்டது. ஆறு நாளில் மொத்தம் 12 வினாடி முந்தியிருக்கிறது. மல்லாத்தி வைத்தால் 6 முந்துகிறது, திருகைக் கீழே வைத்து நிறுத்தினால் 2 பிந்துகிறது, அதனால் இரண்டு ராத்திரி இப்படியும் ஒரு ராத்திரி அப்படியும் வைத்துப் பார்க்கிறேன்.

அண்ணா, அப்புச்சியின் ஜனதா பாட்டி பெட்டியில் இருந்தது, அவர் போன பிறகு 11 வருடமாக யாரும் தொடவில்லை. ஈரோடு வரும்போது கொண்டு வரட்டுங்களா?

பேலன்ஸ்வீல் (ஈரோடு):

கொண்டு வாங்க. ஓடுகிறதா என்று பார்க்கச் சாவி மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும், அப்படியே ஓட்டினால் முனைகள் தேயும். ஒரு துணியில் சுற்றி, இப்போது இருக்கிறபடியே எடுத்து வாங்க.