தாலமியின் நிலப்படத்தில் இலங்கை: உதவி தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிரேக்க அறிஞர் தாலமி எழுதிய புவியியல் நூலை ஒட்டிப் பின்னாளில் வரையப்பட்ட உலகப் படங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். அவற்றில் இந்தியத் தீபகற்பம் ஏறக்குறைய மறைந்து, கடற்கரை மேற்கிலிருந்து கிழக்காக நீள, தப்ரபேன் என்னும் இலங்கையோ உண்மை அளவைவிடப் பன்மடங்கு பெருத்து நிற்கிறது. காவிரிப்பூம்பட்டினமாகக் கருதப்படும் கபேரிசும் அந்நூலின் ஊர்ப்பட்டியலில் உண்டு. தாலமி பூமியின் சுற்றளவைக் குறைத்துக் கணித்தார் என்பது தெரிந்ததே. அது மட்டுமே இத்தனை பெரிய திரிபை விளக்கிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதை விரிவாக ஆராய்ந்த தமிழ் நூல் எதையேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். 1482இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் அச்சான தாலமி நூற்பதிப்பின் இலங்கைப் படம், ஊர்ப்பெயர்களைப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக எங்கே கிடைக்கும் என்றும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.